ஒரே படுக்கையறை வீட்டுக்குக் குழந்தை வருகிறது: எதை வாங்குவது, எதை விடுவது?

எழுதியிருப்பவர் முதல் குழந்தையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வாசகி. இப்போது 31-வது வாரம். ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையலறை கொண்ட வாடகை வீடு. அதில் அவர், கணவர், மாமியார், ஒரு பூனை. கணவர் வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்; அவருடைய மேசை படுக்கையறையில்தான் இருக்கிறது. மாமியார் ஹாலில் படுத்துக்கொள்கிறார். "இதெல்லாம் இல்லாமல் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்" என்று நாத்தனார் 46 பொருட்கள் கொண்ட ஒரு பட்டியலை அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்து மிரண்டுபோன கணவர், குழந்தைக்குத் தனி அறை வேண்டும், கடன் வாங்கியாவது பிரசவத்துக்குள் பெரிய வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறார். பார்த்து வைத்திருக்கும் வீடு மருத்துவமனையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. மாமியார் சொல்வது நேர் எதிர்: "தொட்டிலே வேண்டாம், உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் படுக்கப்போட்டால் போதும்." உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் தன் வீட்டுப் பழைய தொட்டிலைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஜன்னல் ஓரத்தில் பெயின்ட் உரிகிறது. அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்கலாமா என்றும் கேட்கிறார். இத்தனைக்கும் நடுவே ஒரு வரி எழுதியிருக்கிறார்: "வாங்காமல் விட்டால் குழந்தைக்கு ஏதோ குறை வைக்கிறேனோ என்று தோன்றுகிறது. இரவில் தூக்கம் வருவதில்லை."

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். எல்லாமே குழந்தையைப் பற்றியது. பிரசவம் முடிந்து வரும் நீங்கள் எங்கே உட்காருவீர்கள், எப்போது தூங்குவீர்கள், இரவில் யார் எழுந்திருப்பார்கள் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நீங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் குழந்தைகள் நல மருத்துவர். பிறந்த குழந்தையின் தேவைகள் என்ன என்று பார்ப்பதுதான் என் வேலை. முதல் மூன்று மாதத்தில் அவை மிகக் கொஞ்சம்: பால், பாதுகாப்பான ஒரு படுக்கை, உலர்ந்த துணி, தூக்கிவைத்துக்கொள்ள ஆள். அந்த வயதில் குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவதே 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம் வரைதான். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம் அது. அதற்கு அப்பால் சுவர் என்ன நிறம், அறை எவ்வளவு பெரியது என்பதெல்லாம் பெரியவர்களின் கணக்கு. தேவைகள் நிறைய இருப்பது பெரியவர்களுக்குத்தான். நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கொடுக்க வேண்டியிருக்கும். அதில் சில நடுராத்திரியில். அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால், இரவு இரண்டு மணிக்கு உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

தனி அறையும் வீடு மாற்றமும்

உங்கள் கணவரின் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் நினைப்பதற்கு நேர்மாறாகத்தான் மருத்துவம் சொல்கிறது. அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவ அகாடமி 2022-ல் வெளியிட்ட பரிந்துரையின்படி, குறைந்தது முதல் ஆறு மாதமாவது குழந்தை பெற்றோர் தூங்கும் அறையிலேயே, ஆனால் தனக்கென்று ஒரு தனிப் படுக்கையில் தூங்க வேண்டும். காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே நேரும் சிசு மரணங்களில் பெரும்பாலானவை இந்த ஆறு மாதத்துக்குள் நிகழ்பவை. பக்கத்தில் பெரியவர்கள் இருப்பது அந்த ஆபத்தைக் குறைக்கிறது. ஆக, கடன் வாங்கி இரண்டு படுக்கையறை வீட்டுக்கே போனாலும், குழந்தைக்காக நீங்கள் ஜோடித்து வைக்கும் அறையில் முதல் ஆறு மாதம் துணிதான் மடித்து வைத்திருப்பீர்கள்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 31 வாரம் என்றால் கையில் இருப்பது எட்டு, ஒன்பது வாரம். குழந்தை முன்கூட்டியே வந்தால் அதைவிடக் குறைவு. பெட்டி கட்டுவது, வீடு மாற்றுவது, புது இடத்தில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துவது, இவை எல்லாமே உங்கள் உடம்புக்கு ஓய்வு தேவைப்படும் நேரத்தில் வந்து விழும். மருத்துவமனைக்கு ஒரு மணி நேரம் என்பதும் சின்ன விஷயம் இல்லை. வலி எடுத்தால் போக வேண்டிய தூரம் அது. குழந்தை பிறந்த பிறகும் முதல் சில வாரங்களில் எடை பார்க்க, மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்க்க, தடுப்பூசி போட அடிக்கடி வர வேண்டியிருக்கும். உங்கள் சம்பளம் நின்றுபோகவோ குறையவோ கூடிய அதே மாதங்களில் கடன் தவணையும் தொடங்கும். இதையும் கணவருடன் உட்கார்ந்து தாளில் எழுதிப் பாருங்கள்.

வீடே மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போது வேண்டாம் என்கிறேன். குழந்தைகள் பொதுவாக நான்கு மாதம் வாக்கில் புரளத் தொடங்கி, ஏழு முதல் பத்து மாதத்துக்குள் தவழுகின்றன. தரையில் இடம் போதவில்லை என்ற பிரச்சினை உண்மையிலேயே வருவது அப்போதுதான். அதற்குள் உங்கள் வேலை என்ன ஆகிறது, செலவு எவ்வளவு வருகிறது, மாமியார் எவ்வளவு நாள் இருப்பார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு எடுக்கும் முடிவு நல்லதாக இருக்கும். சுவர் முழுக்க ஈரம் ஊறிப் பூஞ்சை பிடித்திருந்தாலோ, வீட்டுக்குள் சிகரெட் புகை வந்துகொண்டே இருந்து தடுக்க முடியாமல் இருந்தாலோ, வாடகை ஒப்பந்தம் பிரசவ மாதத்திலேயே முடிந்தாலோ என் பதில் வேறாக இருந்திருக்கும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

சரி, அப்படியானால் படுக்கையறையில் இடம்? என் கருத்தில், வெளியேற வேண்டியது அந்த மேசை. அது நின்ற இடத்தில் தொட்டில் வரட்டும்; மேசை ஹாலின் ஒரு மூலைக்குப் போகட்டும். பகலில் கணவர் போனில் பேசும் சத்தம் குழந்தையின் தூக்கத்தைக் கெடுத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் வரை துண்டு துண்டாகத் தூங்கும். வீட்டின் சாதாரணச் சத்தத்தில் நன்றாகவே தூங்கும். இரவு பகல் வித்தியாசம் அதன் உடம்புக்குப் பிடிபட இரண்டு, மூன்று மாதம் ஆகும். பகலில் வெளிச்சமும் பேச்சும், இரவில் இருட்டும் அமைதியும் இருந்தால் அந்த வித்தியாசத்தைப் பழகிக்கொள்ள உதவியாக இருக்கும். வீட்டை எந்நேரமும் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி வைத்திருப்பதால் யாருக்கும் லாபம் இல்லை.

தூங்கும் இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

மற்ற எதிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். இதில் முடியாது. குழந்தை ஒவ்வொரு முறையும், பகல் தூக்கத்திலும்கூட, மல்லாக்கப் படுக்க வேண்டும். படுக்கை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். மெத்தையின் மேல் இறுக்கமாகப் போர்த்திய ஒரு விரிப்பு, அதன் மேல் குழந்தை, அவ்வளவுதான். தலையணை, கனத்த போர்வை, தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு, பொம்மை எதுவும் வேண்டாம். 1990-களில் பல நாடுகளில் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பெரிய அளவில் பிரசாரம் செய்தார்கள். அதன் பிறகு அங்கெல்லாம் தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் ஏறக்குறைய பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. எந்தப் பொருளும் வாங்காமல், படுக்க வைக்கும் விதத்தை மட்டும் மாற்றிக் கிடைத்த பலன் அது.

வெறுமையாக இருக்கும் தொட்டில் பெரியவர்கள் கண்ணுக்குப் பரிதாபமாகத்தான் தெரியும். மெத்துமெத்தென்று இருந்தால் குழந்தைக்குச் சுகம் என்று நினைக்கிறோம். ஆனால் மூக்கு அழுந்தினால் தலையைத் திருப்பிக்கொள்ளும் பலம் அந்தக் கழுத்துக்கு இன்னும் வரவில்லை. குளிருமோ என்று தோன்றினால், நீங்கள் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதலாக உடை போட்டால் போதும். கையும் காலும் சில்லென்று இருப்பது சகஜம். மார்பையோ பின்கழுத்தையோ தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றிவிடலாம்.

மாமியார் சொல்வதில் பாதி சரி. குழந்தை உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதில் அவரும் மருத்துவர்களும் ஒரே கட்சி. நடுவில் படுக்க வைப்பதில்தான் சிக்கல். பெரியவர்களின் மெத்தை மிருதுவானது; போர்வை, தலையணை எல்லாம் அதில் இருக்கும்; அசதியில் புரண்டு படுத்தால் தெரியாது. குறிப்பாக, படுப்பவர்களில் யாராவது புகைபிடிப்பவராகவோ, மது அருந்தியவராகவோ, தூக்கம் வரவழைக்கும் மருந்து சாப்பிடுபவராகவோ இருந்தாலும், குழந்தை குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்திருந்தாலும் ஆபத்து பல மடங்கு கூடிவிடும். எனவே தொட்டிலை உங்கள் கட்டிலை ஒட்டி, நீங்கள் படுக்கும் பக்கமாகப் போடுங்கள். "நீங்கள் சொன்ன மாதிரியே பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறோம் அத்தை, டாக்டர் தனிப் படுக்கை வேண்டும் என்றார்" என்று பழியை என் மேல் போட்டுவிடுங்கள். இந்தப் பழி எனக்குப் புதிதில்லை.

இதோடு ஒரு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ கண்ணயர்ந்துவிடுவது கட்டிலில் சேர்ந்து தூங்குவதைவிடவும் ஆபத்தானது. இரவில் பால் கொடுக்கும்போது கண் சொருகும் என்று தோன்றினால், சோபாவைவிடத் தலையணையும் போர்வையும் ஒதுக்கப்பட்ட கட்டிலில் உட்கார்ந்து கொடுப்பது மேல். விழித்தவுடன் குழந்தையைத் தொட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.

உடன் வேலை பார்ப்பவர் தருகிற தொட்டில் எப்படிப்பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. வாங்குவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் கீழே சரிந்து இறங்கும் வகை என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். அந்தப் பக்கம் கழன்று ஏற்பட்ட இடுக்கில் சிக்கிப் பல குழந்தைகள் இறந்த பிறகு, 2011-ல் அமெரிக்காவில் அவ்வகைத் தொட்டில்களின் விற்பனையையே தடை செய்தார்கள். நான்கு பக்கமும் அசையாத தொட்டிலாக இருந்தால், கம்பிகளுக்கு இடையில் 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சிறியது என்று அர்த்தம். திருகு குறைந்திருந்தாலோ, கயிறும் ஒட்டுநாடாவும் போட்டுச் சமாளித்திருந்தாலோ வேண்டாம். இதெல்லாம் சரியாக இருந்தால் பழைய தொட்டிலில் ஒரு குறையும் இல்லை. இடம் மிகவும் நெருக்கடி என்றால், முதல் நான்கைந்து மாதத்துக்குச் சிறிய கூடைத்தொட்டிலே போதும். குழந்தை புரளவோ கையூன்றி எழவோ ஆரம்பித்ததும் பெரியதற்கு மாற்ற வேண்டியிருக்கும்.

46 பொருட்களை என்ன செய்வது

நாத்தனாரின் பட்டியலைக் கிழித்துப் போடாதீர்கள். அவர் வீடு பெரியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு உதவியவற்றை அவர் எழுதியிருக்கிறார். ஒரு பேனாவை எடுத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'இப்போது', 'தேவைப்பட்டால்', 'வேண்டாம்' என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். உங்களுக்கு உதவியாக இருக்கும் என்பதால் நான் குறிப்பது எப்படி என்று சொல்கிறேன்.

இப்போது வாங்க வேண்டியவை ஒரு பெரிய அலமாரித் தட்டில் அடங்கிவிடும். ஆறு முதல் எட்டு செட் முன்பக்கம் திறக்கும் பருத்தி உடைகள், தொட்டிலுக்கு மூன்று விரிப்புகள், நனையாத இரண்டு விரிப்புகள், மெல்லிய துணிகள் அரை டஜன், இரண்டு மெத்தென்ற துண்டுகள், நகம் தேய்க்க ஒரு சிறிய அரம், ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், மூடி போட்ட வாளி. டயப்பர் நாளைக்கு எட்டு முதல் பத்து வரை செலவாகும். துணி நாப்பி என்றால் இரண்டு டஜன் இருந்தால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் துவைத்துச் சமாளிக்கலாம். எந்த அளவு டயப்பரையும் மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். பிறந்த குழந்தையின் அளவு சில வாரத்திலேயே சின்னதாகிவிடும். சிறிய வீட்டில் நாலு பெட்டி டயப்பர் என்பது ஒரு ஆள் நிற்கும் இடம். துணிகளை ஒருமுறை வாசனை இல்லாத சோப்பில் அலசி மடித்து வையுங்கள். உறவினர் குழந்தைகள் போட்ட பழைய துணி தாராளமாகப் போடலாம். சொந்தக் கார் இருந்தால் குழந்தைக்கான கார் சீட் பிரசவத்துக்கு முன்பே இருக்க வேண்டும், பின்பக்கம் பார்த்து மாட்டும் வகை. அதை மட்டும் முன்பின் தெரியாதவரிடம் பழையதாக வாங்காதீர்கள். விபத்தில் அடிபட்டதா என்பது பார்வைக்குத் தெரியாது.

'தேவைப்பட்டால்' என்ற பக்கம்தான் உங்கள் பணத்தைக் காப்பாற்றப் போகிறது. பால் எடுக்கும் பம்ப், பாட்டில், ஸ்டெரிலைசர் மூன்றும் இதில் வரும். உலக சுகாதார நிறுவனம் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்கிறது. தாய்ப்பால் நன்றாக அமைந்தால் இவற்றில் பல தேவையே இல்லை. அமையவில்லை என்றால் அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை; அன்றைக்கே போய் வாங்கிக்கொள்ளலாம். பாட்டிலைக் கிருமி நீக்க ஒரு மூடி போட்ட பாத்திரத்தில் முழுக்க மூழ்கும்படி ஐந்து நிமிடம் கொதிக்க வைத்தால் போதும். அதற்கென்று சமையல் மேடையில் பாதியை அடைக்கும் இயந்திரம் வேண்டாம். பால்பவுடர் கொடுக்க நேர்ந்தால் கொதித்த நீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்கு முன் பவுடரைக் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுங்கள். பவுடரில் இருக்கக்கூடிய கிருமிகளை அந்தச் சூடு அழிக்கும். குழந்தையைச் சுமக்கும் பை, தள்ளுவண்டி, கொசு இருந்தால் வலை, இவையும் உங்கள் பழக்கத்தைப் பார்த்து வாங்கலாம். சுமக்கும் பை சின்ன வீட்டில் நல்ல துணை. குழந்தையின் முகம் எப்போதும் உங்களுக்குத் தெரிய வேண்டும், தாடை மார்பில் மடங்கக் கூடாது.

டயப்பர் மாற்றும் மேசை என்று ஒன்று பட்டியலில் இருக்கிறது. தரையில் விரித்த ஒரு பாய் போதும். தரையிலிருந்து யாரும் கீழே விழ முடியாது. ஆனால் சிசேரியன் ஆனால் சில வாரம் உங்களால் குனிய முடியாது. அப்போது கட்டிலின் நடுவில், ஒரு கை எப்போதும் குழந்தை மேல் இருக்க மாற்றுங்கள். குளிப்பாட்டும் தொட்டியும் அப்படித்தான். சுத்தமான ஓர் அகலமான டப் போதும். தண்ணீர் 37, 38 டிகிரி, அதாவது முழங்கை வைத்துப் பார்த்தால் சுடாமல் இதமாக இருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை குளிப்பாட்டினாலே போதும். தினமும் செய்ய ஆசை என்றால் தோல் வறளாத வரை தடையில்லை.

'வேண்டாம்' என்று நான் அழுத்திக் குறிப்பவை: தலையணை, பஞ்சுத் தடுப்பு, குழந்தையைச் சாய்வாகத் தூங்க வைக்கும் இருக்கை, பக்கவாட்டில் முட்டுக்கொடுக்கும் சாதனம், டால்கம் பவுடர், வாக்கர். வாக்கர் சீக்கிரம் நடக்க வைக்கும் என்பது தவறான நம்பிக்கை. அதனால் நேர்ந்த காயங்களைப் பார்த்துக் கனடா 2004-ல் அதைத் தடை செய்தது. காலில் மாட்டி ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியும் பட்டியலில் இருக்கிறது. ஆரோக்கியமான குழந்தைக்கு அது திடீர் மரணத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அது பொய்யாக அலறும்போதெல்லாம் நீங்கள்தான் பதறுவீர்கள். பேபி மானிட்டரும் வேண்டாம். உங்கள் வீட்டில் எந்த மூலையில் அழுதாலும் கேட்கும்.

மேசை முனைகளுக்கு ரப்பர், பீரோவைச் சுவரோடு பிணைப்பது, பிளக் மூடி, சமையலறைக் கதவுத் தாழ்ப்பாள் இதெல்லாம் மிகவும் அவசியம்தான், ஆனால் இந்த மாதத்தில் இல்லை. நாலு மாதத்தில் குழந்தை புரளும்போது ஆரம்பியுங்கள். தவழுவதற்கு முன் முடியுங்கள். ஜன்னல் திரையின் தொங்கும் கயிறு மட்டும் இப்போதே தொட்டிலுக்கு எட்டாமல் இருக்கட்டும்.

யாராவது "என்ன வாங்கித் தரட்டும்" என்று கேட்டால் கூச்சப்படாதீர்கள். ஆறு மாதக் குழந்தையின் அளவில் உடை கேளுங்கள். அல்லது ஒரு வேளைச் சமையல், ஒரு கூடைத் துணி துவைத்துக் காயப்போடுவது என்று கேளுங்கள். நாத்தனாரிடமே கேட்கலாம், பட்டியல் போடும் அளவுக்கு அக்கறை உள்ளவர் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

உரியும் பெயின்ட்

உங்கள் கடிதத்தில் ஓரமாக எழுதியிருந்தாலும், என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். தயவுசெய்து நீங்கள் சுரண்டாதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் சுரண்டினாலோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலோ அந்தத் தூசு வீடு முழுக்கப் பரவும். வயிற்றில் இருக்கும் குழந்தையையும் ஈயம் பாதிக்கும். இந்த அளவு வரை பாதிப்பில்லை என்று சொல்லக்கூடிய அளவே அதற்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீடு எந்தக் காலத்தில் கட்டியது, எப்போது பெயின்ட் அடித்தது என்று வீட்டு உரிமையாளரிடம் கேளுங்கள். பெயின்ட்டைப் பரிசோதிக்க வசதி இருந்தால் செய்துவிடுங்கள். பழைய வீடு என்றால், வேலை தெரிந்தவரை வைத்து, ஈரப்படுத்தி, மற்ற இடங்களை மூடி வைத்துச் செய்யச் சொல்லுங்கள். செலவு வீட்டு உரிமையாளருடையதா உங்களுடையதா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். வேலை நடந்து ஈரத்துணியால் துடைத்து முடியும் வரை நீங்கள் வேறு இடத்தில் தங்குங்கள். புதுப் பெயின்ட்டின் நெடியும் அடங்க வேண்டும். எனவே செய்வதென்றால் உடனே செய்யுங்கள். 36-வது வாரத்துக்குள் முடியாது என்றால் தொடாமல் விட்டுவிட்டு, உதிர்வதை ஈரத்துணியால் துடைத்து, தொட்டிலை அந்த ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

உங்களுக்கான ஏற்பாடு

முதுகுக்குச் சாய்மானம் உள்ள ஒரு நாற்காலி, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், மங்கலான ஒரு விளக்கு, சார்ஜர், ஒரு துண்டு, நாலு டயப்பர். படுக்கையறையில் உங்கள் பக்கம் இது அமைந்துவிட்டால் இரவில் எழுந்து நடப்பதே குறைந்துவிடும். உங்களுக்குத் தேவையான பெரிய நாப்கின்களை இப்போதே வாங்கி வையுங்கள். பிரசவத்துக்குப் பிறகான இரத்தப்போக்கு சில வாரம் இருக்கும். இது 46-ல் ஒன்றாகக்கூட இல்லை.

இரவு வேலையை இப்போதே மூன்று பேரும் பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். பால் கொடுப்பது நீங்கள். ஏப்பம் விடவைத்து, டயப்பர் மாற்றித் திரும்பப் படுக்க வைப்பது கணவர். அதிகாலையில் பால் கொடுத்து முடித்ததும் மாமியார் குழந்தையை ஹாலில் வைத்துக்கொண்டால், இரண்டு மணி நேரமாவது நீங்கள் முறியாத தூக்கம் தூங்கலாம். அதற்கு அவர் இரவில் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். ஆகவே ஹால் மூலைக்குப் போகும் மேசையில் இரவு வேலை நடக்கக் கூடாது என்பதையும் கணவரிடம் சேர்த்துப் பேசிவிடுங்கள். சிறிய வீட்டில் மனஸ்தாபம் பெரும்பாலும் இந்த மாதிரி சின்ன விஷயத்தில்தான் வரும்.

வருகிறவர்கள் கை கழுவிவிட்டுத் தொடட்டும். சளி, இருமல் இருப்பவர்கள் பிறகு வரட்டும். யாருக்காகவும் வீட்டுக்குள் புகைபிடிக்க அனுமதிக்காதீர்கள். கக்குவான் இருமலுக்கான தடுப்பூசி கர்ப்ப காலத்தில் போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு குழந்தைக்கும் போகும். போட்டாயிற்றா என்று உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். தெர்மாமீட்டரை நான் 'இப்போது' பக்கம் போட்டதற்கும் காரணம் உண்டு. மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால், வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பால் சரியாகக் கிடைக்கிறதா என்ற சந்தேகம் எல்லாருக்கும் வரும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறது, இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோது இருந்த எடைக்குத் திரும்பிவிட்டது என்றால் நிம்மதியாக இருக்கலாம்.

குறை வைக்கிறேனோ என்று தூக்கம் வராமல் இருப்பதைப் பற்றி. நிறைமாதத்தை நெருங்கும்போது தூக்கம் கெடுவதும், கொஞ்சம் பதற்றமும் இயல்புதான். அதை இரவு முழுக்க விளம்பரங்கள் பார்த்துத் தீர்த்துக்கொள்ள முடியாது. ஆனால் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்துக் கிடக்கிறது, எதிலும் பிடிப்பில்லை, பயம் நிற்கவே இல்லை என்றால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு முதல் இரண்டு வாரம் அழுகை வருவதும் எரிச்சல் வருவதும் பலருக்கு உண்டு. அது இரண்டு வாரத்தைத் தாண்டி நீடித்தாலும் அப்படியே செய்யுங்கள். உங்களுக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்தால் அன்றைக்கே. பத்தில் ஒரு தாய்க்காவது மனச்சோர்வு வருகிறது, சிகிச்சையும் நன்றாகப் பலன் தருகிறது. இதைக் கணவரும் மாமியாரும் படிக்கட்டும். உங்களிடம் மாற்றம் தெரிந்தால் முதலில் கவனிக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

கடைசி வரியில் பூனையைக் கொடுத்துவிட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதன் கழிவுத் தட்டை இன்றிலிருந்து கணவர் தினமும் சுத்தம் செய்யட்டும். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் கழிவில் வெளிவந்து தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது பிடிக்கும் என்பதால், தினமும் அகற்றினாலே ஆபத்து வெகுவாகக் குறையும். நீங்கள் அந்தத் தட்டைத் தொட வேண்டாம், பச்சை இறைச்சி அதற்குப் போட வேண்டாம். தொட்டில் வந்ததும் அது முதல் வேலையாக அதில் ஏறிப் படுத்துப் பார்க்கும். அப்போதிலிருந்தே இறக்கிவிட்டுப் பழக்குங்கள். குழந்தை வந்த பிறகு தூங்கும் நேரத்தில் படுக்கையறைக் கதவைச் சாத்திவிடுங்கள்.